வருவோர்க்கு முன்னே வந்த தண்ணீர் - ஜூரோங் சொல்லும் பொறியாளர் வரலாறு



ஜூரோங்கில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் ஒருநாள், "என் பெற்றோரின் தொழில்" என்னும் தலைப்பில் மாணவர்களைப் பேசச் சொல்லியிருந்தேன். மருத்துவர், வங்கி அதிகாரி, கணினி வல்லுநர் என்று ஒவ்வொருவரும் பெருமையோடு சொல்லி அமர்ந்தனர். ஒரு மாணவன் மட்டும் எழுந்து நின்று சற்றுத் தயங்கினான். பிறகு, "என் அப்பா கால்வாய் வேலை பார்க்கிறார்" என்றான். வகுப்பில் மெல்லிய சிரிப்பொலி எழுந்தது. அவன் மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்துவிட்டான்.

சில நாள் கழித்துப் பெற்றோர் சந்திப்பில் அவன் தந்தையைக் கண்டேன். பொதுத்துறையில் வடிகால்களை வடிவமைக்கும் பொறியாளர் அவர். நடந்ததைச் சொன்னேன். அவர் வருந்தவில்லை, சிரித்தார். "சார், எங்கள் வேலை சரியாக நடந்தால் யாருக்கும் தெரியாது. தவறினால்தான் எல்லாருக்கும் தெரியும். பையனுக்கு எதைக் காட்டி என் வேலை இதுதான் என்று சொல்வது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது விடை இல்லை. வீட்டுக்கு வந்தபின் ஜூரோங்கின் வரலாற்றை எடுத்துப் படித்தேன். அதைப் படிக்க அதற்கு முந்தைய சிங்கப்பூரின் வரலாற்றையும் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய செய்தி இதில் உண்டு என்பது என் எண்ணம்.

சுண்ணாம்புக் கம்பம்

நகரம் ஒன்றுக்குச் சாலை, பாலம், குடிநீர், வடிகால், சந்தை ஆகியவற்றை அமைத்துக் காப்பவரை நகராண்மைப் பொறியாளர் என்கிறோம். சிங்கப்பூரில் அப்படியொரு பதவி உருவாகும் முன்பே அந்த வேலை தொடங்கிவிட்டது. அதில் தமிழர் கையும் தொடக்கத்திலேயே இருந்தது.

1819-ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் இரண்டாம் முறை இத்தீவுக்கு வந்தபோது பினாங்கிலிருந்து உடன் வந்தவர் நாராயண பிள்ளை. இங்கே செங்கற்சூளை அமைத்துக் கட்டட வேலைகளை ஏற்று நடத்திய முதல் இந்தியர் அவர். 1825-ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். பென்கூலனிலிருந்து மாற்றப்பட்ட முதல் தொகுதியினர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். 1873-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், இத்தீவின் பொதுப்பணிகளில் பெரும்பகுதி கைதிகளின் உழைப்பால் நடந்தது. காட்டை வெட்டிச் சாலை அமைத்தனர், சதுப்பை மேடாக்கினர், செங்கல் அறுத்தனர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகையும், கெவனா பாலமும் அவர்கள் கைபட்டு எழுந்தவையே.

அந்தத் தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சு நம்மவர்க்கு மிகவும் தெரிந்த ஒன்று. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றைக் கூழாக்கி, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. ஆங்கில ஏடுகளில் 'மெட்ராஸ் சுண்ணம்' என்றே அதற்குப் பெயர். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை.

சிராங்கூன் சாலைப் பகுதியில் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தை முன்னாளில் 'சுண்ணாம்புக் கம்பக் கோயில்' என்றே மக்கள் அழைத்தனர். கம்பம் என்பது கம்போங் என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். ஆக, இன்று நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கச் செல்லும் லிட்டில் இந்தியாவின் ஒரு பகுதி, நகரைக் கட்டுவதற்கான பொருள் ஆக்கிய இடமாக இருந்தது. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

ஒன்பது ஆண்டுகள் காத்திருந்த நீர்

கட்டடங்கள் எழுந்தன, தண்ணீர்தான் எட்டவில்லை. சைனாடவுன் பகுதிக்கு மலாயில் 'கிரெத்தா ஆயர்' என்று பெயர். தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். மாட்டு வண்டியில் ஊர்ந்து வந்த கிணற்றுநீரே அன்றைய நகரின் குடிநீர். மக்கள் பெருகப் பெருகக் கிணறுகள் கெட்டன, நோய்கள் பரவின.

1857-ஆம் ஆண்டு தான் கிம் செங் என்னும் சீன வணிகர், நகருக்கு நல்ல குடிநீர் கிடைக்க வேண்டும் என்று 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். அன்று அது பெருந்தொகை. தாம்சன் சாலைக்கு அப்பால் பள்ளத்தாக்கொன்றை அணையிட்டு நீர்த்தேக்கம் அமைக்கும் வேலை நடந்தது. 1868-ஆம் ஆண்டு தேக்கம் முடிந்தது.

இங்கேதான் ஒரு பாடம் இருக்கிறது. தேக்கம் முடிந்ததே தவிர, நீரை மேலேற்றும் பொறிகளும் நகருக்குள் கொண்டுசெல்லும் குழாய்களும் ஆயத்தமாகவில்லை. அவை முடிந்து நீர் நகரை அடைந்தது 1877-ஆம் ஆண்டுதான். ஒன்பது ஆண்டுகள் நீர் ஓரிடத்திலும் தாகம் வேறிடத்திலுமாக இருந்தன. நன்கொடை தந்தவர் 1864-ஆம் ஆண்டே மறைந்துவிட்டார். அவர் நினைவாக 1882-ஆம் ஆண்டு நகராண்மை ஆணையர்கள் எழுப்பிய நீரூற்று இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது. கொடை கிடைத்தும், மழை பெய்தும், அணை நிறைந்தும், வேலைகளை வரிசைப்படுத்தத் தவறியதால் நகரம் தவித்தது. பொதுப்பணி என்பது ஒவ்வொரு பகுதியும் உரிய நேரத்தில் முடிந்து ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய தொழில். ஒரு கண்ணி குறைந்தாலும் மற்றக் கண்ணிகளால் பயனில்லை.

1883-ஆம் ஆண்டு நகராண்மைப் பொறியாளராகப் பொறுப்பேற்றவர் ஜேம்ஸ் மெக்ரிச்சி. 1895 வரை அப்பதவியில் இருந்தார். நீர்த்தேக்கத்தை விரிவாக்கினார், ஆற்றுப் பாலங்களைக் கட்டுவித்தார். லாவ் பா சாட் என்று இன்று நாம் அறியும் எண்கோண வடிவத் தெலுக் ஆயர் சந்தையின் 1894-ஆம் ஆண்டு வடிவமைப்பும் அவருடையதே. அங்கே சாத்தே உண்ணும் நம்மில் பலர், அதே மனிதர் வகுத்த ஏரியின் கரையில் ஞாயிறுதோறும் நடை பயில்கிறோம். இரண்டும் ஒருவர் பணி என்பதை அறியோம். அவருக்குப் பின் 1901 முதல் 1916 வரை பொறியாளராக இருந்தவர் ராபர்ட் பியர்ஸ். காலாங் ஆற்றின் மேற்பகுதியில் இரண்டாவது நீர்த்தேக்கத்தை உருவாக்கினார். 1922-ஆம் ஆண்டு இரு தேக்கங்களுக்கும் இவ்விருவர் பெயர்கள் சூட்டப்பட்டன.

பெயர் பெற்றவர்கள் இருவர். அவர்கள் வரைந்த கோட்டின்படி நகராண்மையின் சாலைகளிலும் சாக்கடைகளிலும் நின்று உழைத்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர். அவர்கள் பெயரை எந்த வரைபடத்திலும் காண முடியாது.

தமிழகத்திலிருந்து அண்மையில் இங்கு வந்து குடியேறிய பெற்றோர்களுக்கு ஓர் ஒப்பீடு. சிங்கப்பூரின் அணை முடிந்தும் குழாயின்றிக் கிடந்த அதே காலத்தில், 1872-ஆம் ஆண்டு, செங்குன்றம் ஏரி நீர் கால்வாய் வழியே சென்னை நகருக்கு வந்தது. பின்னர் 1914-ஆம் ஆண்டு கீழ்ப்பாக்கத்தில் நீரை மணலில் வடிகட்டும் நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்பணியை வகுத்த மேட்லி என்னும் பொறியாளரின் பெயர் தியாகராய நகரின் ஒரு சாலைக்கு உண்டு. அந்தச் சாலையில் நாள்தோறும் நடப்பவர்களில் எத்தனை பேர் குழாயையும் அந்தப் பெயரையும் இணைத்து எண்ணுகிறார்கள்? மறதி எல்லா ஊருக்கும் பொது.

கடலைத் தாண்டிய குழாய்

தீவின் மழைநீர் போதாமற் போகவே நகராண்மை ஜோகூரை நாடியது. கூனோங் பூலாய் மலைப்பகுதியில் தேக்கிய நீர் 1932-ஆம் ஆண்டு பெருங்குழாய் வழியே ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வந்தது. பத்தே ஆண்டுகளில், 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தபோது அந்தக் குழாயும் அறுந்தது. இருந்த தேக்கங்களும் எதிரியின் கைக்குப் போயின. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்ததற்குக் கூறப்படும் காரணங்களுள் நீர்ப்பற்றாக்குறை முக்கியமான ஒன்று. ஒரு குழாய் ஒரு நாட்டின் விதியோடு எவ்வளவு நெருங்கியது என்பதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை.

தன்னாட்சிக்குப் பின்னும் சோதனை நீங்கவில்லை. 1963-64-இல் கடும் வறட்சியால் நீர்ப்பங்கீடு நடந்தது. வீடுகளுக்கு முறைவைத்து நீர் விடப்பட்டது. அதே 1963-ஆம் ஆண்டு மே முதல் நாள், கலைக்கப்பட்ட நகர மன்றத்தின் குடிநீர், மின்சார, எரிவாயுப் பொறுப்புகளை ஏற்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் பிறந்தது. பழைய நகராண்மைப் பொறியாளர்களின் வேலை அதன்பின் இத்தகைய கழகங்கள் பலவற்றிற்குப் பிரிந்து சென்றது.

நீருக்கே முறைவைத்த அந்த ஆண்டுகளில்தான் ஜூரோங் உருவாகிக்கொண்டிருந்தது என்பதை மனத்தில் இருத்தி மேலே படியுங்கள்.

யாருமில்லாத ஊருக்குச் சாலை

ஜூரோங் என்னும் பெயருக்குப் பல விளக்கங்கள் உண்டு. சுறாமீனைக் குறிக்கும் 'ஜெருங்' என்னும் மலாய்ச் சொல் என்பர் சிலர். பள்ளத்தைக் குறிக்கும் 'ஜுராங்' என்பர் வேறு சிலர். 1960-ஆம் ஆண்டளவில் அது சிறு குன்றுகளும் சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும் ரப்பர்த் தோட்டங்களும் நிறைந்த மேற்கு மூலை. நகரத்தார்க்கு அது வெகுதூரம்.

1960 அக்டோபரில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் குழுவொன்று, நெதர்லாந்துப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் இங்கு வந்தது. வேலையின்மை பெருகியிருந்த காலம். தொழிற்சாலைகளை வரவழைப்பதே வழி என்பது அக்குழுவின் அறிவுரை. 1961 ஆகஸ்ட் முதல் நாள் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங்கில் பெருந்தொழிற்பேட்டை அமைக்கும் திட்டத்தை முன்னின்று நடத்தினார். ஆழமான கரையோரக் கடலும், ஆள் நெருக்கமில்லாத நிலமும் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள்.

பொறியாளர்களின் முன்னே இருந்த கணக்கு சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. குன்றை வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணால் சதுப்பை நிரப்ப வேண்டும். சதுப்புக் களிமண் நீர் கோத்தது. மேலே பாரம் ஏறியதும் நீரைக் கக்கி மெல்ல அமிழும். அமிழ்ந்து அடங்கும் முன் அதன்மேல் சாலை போட்டால் சாலை நெளியும். குழாய் புதைத்தால் குழாய் முறியும். நிலத்தை மிகத் தாழ்வாக விட்டால் கடலேற்றத்தின்போது மழைநீர் வடியாது. மிக உயர்த்தினால் மண்ணும் பணமும் போதா. வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தம் சரிவிலேயே ஓட வேண்டும் என்பதால், எந்த இடம் எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். மட்டம், வடிகால், சாலை, குழாய், மின்கம்பி, அதன்பின் ஆலை என்பது வரிசை. ஆலை என்பது கண்ணுக்குத் தெரியும் கடைசிப் படி மட்டுமே.

1962 செப்டம்பர் முதல் நாள் தேசிய இரும்பு உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துறைமுகம் கட்டப்பட்டது. புக்கித் தீமாவிலிருந்து ரயில் தடம் ஒன்றும் ஜூரோங்குக்கு நீண்டது. ஆனால் ஆலைகள் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. இந்தோனீசியாவுடனான மோதல் 1963-இல் தொடங்கியது. 1965-இல் மலேசியாவிலிருந்து பிரிவு நேர்ந்தது. அகன்ற சாலைகள் போட்டு விளக்குக் கம்பங்கள் நட்ட பின்னும் பல மனைகள் வெறுமையாகக் கிடந்தன. 'கோவின் மடமை' என்று மக்கள் அதைக் கேலி செய்தனர்.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அணை கட்டிக் குழாய் போடாமல் விட்ட பிழையைப் பார்த்தோம். ஜூரோங்கில் நடந்தது நேர்மாறு. குழாயும் சாலையும் ஆயத்தம், வருவோரைத்தான் காணவில்லை. அந்நாளில் அங்கே பணியாற்றிய ஒரு பொறியாளரை எண்ணிப் பாருங்கள். தாம் போட்ட சாலையில் வண்டி ஓடாததை நாள்தோறும் பார்த்தபடி அடுத்த சாலையின் மட்டத்தை அளந்தார். பிழை என்று முடிந்திருந்தால் நாட்டின் அரிய பணம் சேற்றில் போனது என்று வரலாறு எழுதியிருக்கும். அந்த இடர் உண்மையானது. பின்னாள் வெற்றியைக் கொண்டு அதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆலைகள் வந்தன. 1968 ஜூன் முதல் நாள் ஜூரோங் நகரக் கழகம் அமைந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் அங்கே இயங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள் மட்டும் குடிவரத் தயங்கினர். வேலைக்கு வருவார்கள், மாலையில் நகருக்குத் திரும்பிவிடுவார்கள். ஆலை இருக்குமிடம் ஊராகிவிடாது என்பதும் அப்போது தெளிந்தது. பூங்கா, பள்ளி, சந்தை, பொழுதுபோக்கிடம் எல்லாம் வேண்டியிருந்தன. 1971-ஆம் ஆண்டு தொடங்கிய ஜூரோங் பறவைப் பூங்கா அவ்வகையில் வந்ததே. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நம் குழந்தைகளை மகிழ்வித்து, 2023 ஜனவரியில் அது மூடப்பட்டது. பறவைகள் மண்டாய்க்குச் சென்றன.

ஒருமுறை பயன்பட்ட நீர்

நீருக்கு முறைவைத்த நாட்டில் ஆலைகளுக்கு நீர் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளிடம் கேட்க ஏற்ற கேள்வி இது.

1966-ஆம் ஆண்டு ஜூரோங் தொழிற்சாலை நீர் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஊலு பாண்டான் நிலையத்தில் தூய்மை செய்யப்பட்ட கழிவுநீரை மேலும் சீராக்கி, குடிப்பதற்கன்றி ஆலைப் பயன்பாட்டிற்கு அளித்தது அது. இயந்திரத்தைக் குளிர்விக்கக் குடிநீர் எதற்கு என்பதே அதன் பின்னிருந்த எளிய எண்ணம். ஆலைகள் அந்நீரைப் பயன்படுத்தியதால் அவ்வளவு நன்னீர் வீடுகளுக்கு மிஞ்சியது.

1974-ஆம் ஆண்டு அடுத்த முயற்சி. பயன்படுத்திய நீரைக் குடிக்கும் அளவுக்கே தூய்மையாக்க முடியுமா என்று ஜூரோங்கில் ஒரு சோதனை நிலையம் அமைத்தனர். அன்றைய சவ்வுகள் விலை மிக்கவை, நம்பத்தக்கவையும் அல்ல. ஓராண்டுக்குச் சற்று மேல் நடத்திப் பார்த்து மூடிவிட்டனர். தோல்வி என்று அதை எழுதிவிடலாம். ஆனால் எதனால் முடியவில்லை என்பதைக் குறித்து வைத்திருந்தனர். தொழில்நுட்பம் முதிர்ந்ததும், 2000-ஆம் ஆண்டில் மீண்டும் சோதனை நிலையம் கண்டு, 2003-இல் புதுநீர் ஆலைகளைத் திறந்தனர். இடையில் கழிந்தவை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். 1974-இல் இளைஞராக அந்த நிலையத்தில் நின்ற பொறியாளர் ஒருவர் 2003-இல் ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருப்பார். தேர்வு முடிவு அடுத்த வாரமே வந்துவிட வேண்டும் என்று பதறும் நாம் சிறிது நின்று எண்ண வேண்டிய செய்தி இது.

கடலேற்றம் உட்புகுந்துகொண்டிருந்த ஜூரோங் ஆற்றின் மேற்பகுதி 1970-களின் தொடக்கத்தில் அணையிடப்பட்டு ஜூரோங் ஏரி ஆயிற்று. சீனத் தோட்டமும் ஜப்பானியத் தோட்டமும் அதில் எழுந்தன. மாலையில் அங்கே நடை பயில்வோர்க்கு அது இயற்கையாய் அமைந்த ஏரி என்றே தோன்றும். அது மனிதர் செய்த கரையால் நிற்கும் நீர்.

கால்வாய் வேலை என்றால் என்ன?

இனி அந்த மாணவனின் தந்தை செய்யும் வேலைக்கு வருவோம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. 1978 டிசம்பர் 2-3 தேதிகளில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உயிர்கள் பலியாயின, வீடுகள் மூழ்கின. 1970-களில் வெள்ளத்துக்கு ஆளாகும் தாழ்நிலம் இத்தீவில் ஏறத்தாழ 3,200 ஹெக்டர் இருந்தது. இன்று அது 30 ஹெக்டருக்கும் கீழாகக் குறைந்துள்ளது. இந்த மாற்றம் வானத்தால் வந்ததன்று. கால்வாய்களை அகலமாக்கியும் ஆழமாக்கியும், கட்டடங்களின் தரைமட்டத்தை உயர்த்த விதி செய்தும், ஒவ்வொரு தெருவின் சரிவையும் அளந்தும் வந்தது. மழை பெய்த மறுநாள் காலை நம் பிள்ளைகள் காலணி நனையாமல் பள்ளிக்குப் போகிறார்களே, அதுதான் "கால்வாய் வேலை".

நிலத்துக்கடியிலும் வேலை நடக்கிறது. 2008-இல் முடிந்த ஆழ்சுரங்கக் கழிவுநீர்த் திட்டத்தின் முதல் கட்டத்தில், கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைந்தது. கழிவுநீர் அதில் தன் சரிவிலேயே ஓடுகிறது. 2017-இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் மேற்குப் பகுதியின் கழிவுநீரைத் துவாஸுக்குக் கொண்டு செல்வதற்கானது. 2014-இல் திறக்கப்பட்ட ஜூரோங் பாறைக் குகைகள் கடலுக்கடியில் 130 மீட்டர் ஆழம் வரை சென்று எண்ணெயைச் சேமிக்கின்றன. இத்தகைய பணிகளில் இன்றும் தமிழகத்துக் கைகள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நாம் நெருக்கியடித்துக் கடந்து செல்லும் இளைஞர்களில் பலர் வாரம் முழுதும் ஜூரோங்கிலும் துவாஸிலும் உழைப்பவர்களே.

பொறியாளர் வரிசையிலும் தமிழர் இல்லாமல் இல்லை. இலங்கைத் தமிழ் மரபினரான அ. விஜயரத்தினம் (1921-2016) துறைமுகப் பணியில் உயர்ந்த கட்டுமானப் பொறியாளர். காற்பந்து, ஹாக்கி, கிரிக்கெட், ரக்பி ஆகிய நான்கு விளையாட்டுகளில் சிங்கப்பூருக்காக ஆடிய ஒரே மனிதரும் அவரே. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஹாக்கி அணியில் இடம்பெற்றவர். ஜூரோங்கின் மேற்கே உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் இணைவேந்தராகவும் விளங்கினார். விளையாட்டு வீரராக அவரை அறிந்தோர் பலர். பொறியாளராக அவரை நம் வகுப்பில் அறிமுகப்படுத்த வேண்டியவர்கள் நாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்த வரலாற்றைத் தமிழில் சொல்ல முயன்றபோது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. இதற்கு வேண்டிய சொற்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. கரை, மதகு, கலங்கு, தூம்பு, வாய்க்கால், வடிகால், மட்டம், சரிவு, மராமத்து ஆகிய எல்லாம் ஏரியோடு வாழ்ந்த மக்கள் ஆக்கி வழங்கிய சொற்கள். பத்தாம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாய் வழியே குடிநீர் வருகிறது. அந்தச் சொற்களும் அவ்வளவு பழையவை. அந்த ஏரியைப் போலவே இன்றும் பயன்படத்தக்கவை.

ஆனால் நம் பிள்ளைகள் மதகைப் பார்த்தால் ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். தமிழ் என்றால் பண்டிகை, உணவு, கோயில், உறவுமுறை என்று நாமே வேலி போட்டுவிட்டோமோ என்று அஞ்சுகிறேன். தாம் வாழும் நகரைப் பற்றித் தமிழில் பேசத் தெரியாத பிள்ளைக்கு, தமிழ் தாத்தா பாட்டியின் மொழியாகவே நின்றுவிடும். நகரைக் கட்டியதில் தமிழருக்குப் பங்குண்டு என்பதை அறியாத பிள்ளையோ, தன்னை இந்நகரின் விருந்தினனாகவே எண்ணி வளரும்.

ஆகவே ஒரு யோசனை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஜூரோங் ஏரிக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வெளியேறுகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று தேடச் சொல்லுங்கள். கண்டதைத் தமிழில் வரைந்து பெயரெழுதச் சொல்லுங்கள். பொதுப்பணியில் இருக்கும் பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். பொறியாளரை மட்டுமன்றி மண் வெட்டுபவரையும் குழாய் பொருத்துபவரையும் அழைக்கலாம்.

நான் அழைத்தேன். அந்த மாணவனின் தந்தை ஒரு சனிக்கிழமை வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, எங்கள் பள்ளி இருக்கும் தெருவின் வடிகால் வரைபடத்தைத் தாமே கையால் வரைந்து கொண்டுவந்தார். வகுப்பறைக் கூரையில் விழும் ஒரு மழைத்துளி எந்தக் குழாயில் இறங்கி, எந்த வடிகாலில் சேர்ந்து, எத்தனை திருப்பம் திரும்பி எங்கே சென்று சேர்கிறது என்று விரலால் காட்டினார். முதல் ஐந்து நிமிடம் மேசைமேல் சாய்ந்திருந்த பிள்ளைகள் அதன்பின் எழுந்து படத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "இங்கே அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் அங்கிள்?" என்று ஒருத்தி கேட்டாள். "நீங்கள் நிற்கும் இடத்தில் முழங்கால் அளவு நீர் நிற்கும்" என்றார். எல்லாரும் தம் கால்களைக் குனிந்து பார்த்தார்கள்.

முன்பு சிரித்தவர்களில் ஒருவன் வீடு திரும்பும்போது வாயிலருகே வடிகாலின் இரும்புக் கம்பிவலை வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாணவன் அவன் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் சரிவு என்று விளக்கிக்கொண்டிருந்தான். 'சரிவு' என்னும் சொல்லைத் தமிழிலேயே சொன்னான்.